பழைய லாரியில் ஏ.சி. ஓடவில்லையா?

திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில், சித்திரை வெயிலில் நிற்கும் லாரியின் கேபினுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டுநர் படும் பாடு தெரியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விதி, தாமதமாக வந்தது. பழைய லாரிகளுக்கு அது பொருந்தாது.

அவற்றில் ஏ.சி. இருந்தும் ஓடவில்லையென்றால், எடுத்தவுடன் கேஸ் நிரப்பச் சொல்லாதீர்கள். முதலில் ஃபியூஸ், ரிலே. பிறகு, சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசர் கிளட்ச் 'டக்'கென்று ஒட்டுகிறதா என்று கேளுங்கள். ஒட்டாவிட்டால், கேஸ் கசிந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். அப்போது பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்கு மின்சாரம் போகவிடாது. அந்தச் சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராக இணைத்து ஓட்டுபவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். கம்ப்ரசருக்குள் எண்ணெயைச் சுமந்து செல்வதே அந்தக் கேஸ்தான். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் இறுகிவிடும். கசிவை அடைத்த பிறகே கேஸ் நிரப்புங்கள்.