ஆற்றின் தலைமாட்டில் நாம் இருக்கிறோம்

(கல்முனையில் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரை)

வயலில் இருந்து நேரே வந்திருக்கும் காக்காமாரே, தாய்மாரே, மலையில் இருந்து பஸ் ஏறி வந்த அண்ணன்மாரே, அக்கா தங்கச்சிமாரே,

கல்முனை வயலுக்கும் நம்முடைய தேயிலைக்கும் என்ன உறவு என்று காலையில் சிலர் கேட்டீர்கள். தண்ணீர்தான் உறவு. கல்லோயாவை இங்கே பட்டிப்பளை ஆறு என்றும் சொல்வார்கள். அது பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறக்கிறது. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்குகிறது. அங்கிருந்து வாய்க்கால்களில் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. மொத்தம் சுமார் 100 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே 16 கிலோமீற்றரில் கடலில் விழுகிறது. ஆற்றின் தலைமாட்டில் கொழுந்து பறிப்பவர்கள், கால்மாட்டில் நெல் விதைப்பவர்கள். நடுவில் ஓடுவது ஒரே தண்ணீர்.

இந்தத் தண்ணீரை மக்களே பங்கிட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. முப்பது ஆண்டு கழித்து இடதுகரையைப் பார்த்தால் மடைகள் உடைந்து கிடந்தன, வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. மேல்மடைக்காரர் தண்ணீரை மறித்தார்கள். கீழ்மடைக்காரர் வானத்தைப் பார்த்து நின்றார்கள். நாட்டிலேயே சண்டை மிகுந்த திட்டம் என்று அதற்குப் பெயர்.

1981இல் கொழும்பில் இருந்த கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, படித்த இளைஞர் யுவதிகளை அமைப்பாளர்களாக அங்கே அனுப்பியது. அவர்கள் மேடை போடவில்லை. கிராமத்திலேயே தங்கி வீடு வீடாகப் போனார்கள். ஒரு வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் சில குடும்பங்களை உட்காரவைத்து, “உங்களுடைய பிரச்சினை என்ன, நீங்களே எதைச் செய்யலாம்?” என்று கேட்டார்கள். முதலில் வேலை, பிறகு அமைப்பு. அதுதான் அவர்களுடைய முறை. விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். மேலே இருந்தவர்களில் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். கீழே இருந்தவர்கள் தமிழ் பேசும் விவசாயிகள்.

வெளிநாட்டுப் பணம் 1985உடன் நின்றது. அமைப்பு நிற்கவில்லை. 1997 சிறுபோகத்தில் நெல்லுக்குப் போதிய தண்ணீர் குளத்தில் இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். விவசாயிகள் அமைப்புகள் இருக்கிற தண்ணீரை அளந்து பங்கிட்டன. 65,000 ஏக்கரில் வழமையை விட நல்ல விளைச்சல் கண்டார்கள். வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. அப்படியிருந்தும் மேல்மடையில் இருந்து கீழ்மடைக்குத் தண்ணீர் வந்தது.

இங்கே நம்மவர் ஒருவர் கேட்கலாம்: “டீச்சர், அவர்களுக்கு வயல் இருக்கிறது. நமக்கு லயத்துக் காம்பிராவே சொந்தமில்லை. நாம் எதைக் காப்பாற்றுவது?” நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் ஆபிரிக்காவில் இருக்கிறது. கென்யாவும் நம்மைப் போலத் தேயிலை விளையும் நாடு. அங்கே நாட்டுப்புறப் பெண்கள் ஓடை வற்றுகிறது, விறகுக்குத் தூரம் போகிறோம் என்று முறையிட்டார்கள். வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி அவர்களைச் சேர்த்து 1977இல் பசுமைப் பட்டி இயக்கத்தைத் தொடங்கினார். மரம் வளர்க்கப் படித்த வன அதிகாரி வேண்டும் என்றார்கள். விதை போட்டு முளைக்கவைக்கத் தெரிந்த நமக்கு எதற்குப் பட்டம் என்று அந்தப் பெண்கள் தாங்களே நாற்றுமேடை போட்டார்கள். அவர்களில் அநேகருக்குக் காணி தங்கள் பெயரில் இருக்கவில்லை. ஆனாலும் பிழைத்து வளர்ந்த ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை கையில் கிடைத்தது. கோடிக்கணக்கில் மரங்கள் எழுந்தன. 2004இல் மாத்தாய்க்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கன்றுக்குச் சல்லி கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காடு காப்பது நல்ல காரியம், அதனால் ஏழை சும்மா செய்யட்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நாமும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பீலியில் தண்ணீர் குறைந்தால் முதலில் குடத்துடன் இறங்கி நடப்பவள் கொழுந்து பறித்துவிட்டு வரும் நம் அக்காதான். ஊற்றுக்கு மேலே மரம் வெட்டினால், ஓடைக்கரையில் புல்லுக்கு மருந்து அடித்தால், அது முதலில் நம் குடத்துக்கு வருகிறது, பிறகு இந்தக் காக்காமாரின் வயலுக்குப் போகிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியங்களைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒன்று, டிவிஷன் டிவிஷனாக, ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் குடும்பங்கள் கூடிப் பேசுவது. அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். ஊற்று எங்கே, எந்த மாதம் குறைகிறது, மேலே என்ன நடக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

இரண்டு, அந்தக் கொப்பியுடன் துரையிடம் போவது. ஊற்றைச் சுற்றி மரம் வெட்டக் கூடாது, ஓடைக்கரையில் மருந்து அடிக்கக் கூடாது என்று கேளுங்கள். ஊற்றடியில் கன்று நடுவதற்கும் பராமரிப்பதற்கும் முழுப்பேர் போட வேண்டும் என்று கேளுங்கள். அது தோட்டத்து வேலைதான்.

மூன்று, வருடத்தில் ஒரு தடவையாவது மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் இப்படி உட்காருவது. அடுத்த முறை காக்காமார் மலைக்கு வரவேண்டும். வந்து ஊற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். தொழிலாளி மட்டும் கேட்டால் தோட்டத்துப் பிரச்சினை என்பார்கள். விவசாயியும் பக்கத்தில் நின்று கேட்டால் அது ஆற்றின் பிரச்சினையாகிவிடும்.

கல்லோயாவில் சில குடும்பங்கள் ஒரு வாய்க்காலில் தொடங்கினார்கள். நாம் ஒரு பீலியில் தொடங்குவோம். கொப்பியை இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே திறந்துவிடுங்கள்.