பொது நூலகம் யாருடையது?

(தேசிய வாசிப்பு மாதத்தை முன்னிட்டு நடந்த தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



ஒக்டோபர் மாதம் நம் நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். இந்த மாதத்தில் மேடை ஏறுகிறவர்கள் "வாசியுங்கள், வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. வாசிக்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லப் போகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் ஒபிசுக்கு வந்தார். மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். "ஐயா, டவுன் லைப்ரரியில புள்ளைய சேர்க்கப் போனோம். வரிப்பணம் கட்டுற ஆள் ஒருத்தர் பிணைக் கையெழுத்து வைக்கணும்னு சொல்லிட்டாங்க. நம்ம லயத்துல யாரு ஐயா வரி கட்டுறா?" என்று கேட்டார். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு அரைப் பேர்தான். பஸ் காசு வேறு. பிள்ளை ஒன்றும் பேசாமல் படிவத்தை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை நானும் அவர்களோடு டவுனுக்குப் போனேன். தெரிந்த கடைக்காரர் ஒருவரைக் கேட்டோம். "புத்தகம் தொலைஞ்சா நான்தானே கட்டணும்" என்று நழுவிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, பிணை என்றால் யாருக்கும் பயம்தான். பிறகு நூலகப் பொறுப்பாளர் அம்மாவிடம் போய் நிலைமையைச் சொன்னோம். அவர் நல்ல மனுசி. நின்று கேட்டார். கேட்டுவிட்டு, "இது நான் போட்ட விதி இல்ல ஐயா, சபை போட்ட விதி. சபை மாத்தினா நாளைக்கே இந்தப் புள்ளைய சேர்த்துக்குவேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அந்தச் சொல்தான் மனதில் ஓடியது. சபை போட்ட விதி. அந்தச் சபை யார்? அதை அறிந்துகொள்வதற்குத்தான் இன்றைய பேச்சு.

நம் நாட்டில் பொது நூலகம் என்று போர்டு போட்டிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை உள்ளூராட்சி சபைகளுக்குச் சொந்தமானவை. மாநகரத்தில் மாநகர சபை, நகரத்தில் நகர சபை, மற்ற இடங்களில் பிரதேச சபை. நம் டவுன் நூலகம் பிரதேச சபையுடையது. கட்டிடம் சபையுடையது, புத்தகம் சபையுடையது. எத்தனை மணிக்குத் திறப்பது, யாரைச் சேர்ப்பது, பிந்தி வரும் புத்தகத்துக்கு எவ்வளவு தண்டம், வருசத்துக்கு எவ்வளவு பணத்துக்குப் புத்தகம் வாங்குவது, இவையெல்லாம் சபையின் தீர்மானம். நூலகப் பொறுப்பாளர் அந்தத் தீர்மானத்தை நடத்தி வைக்கிறவர். கொழும்பில் தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபை என்று ஒன்று இருக்கிறது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நூலக சேவைகள் சபையாக உருவானது அது. நூலகங்களுக்கு வழிகாட்டும், உதவி செய்யும். ஆனால் நம் டவுன் நூலகத்துக்கு முதலாளி அது அல்ல, பிரதேச சபைதான்.

பிரதேச சபைக்கு யார் முதலாளி? வாக்குப் போட்ட நாங்கள்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தவிசாளரும் உறுப்பினர்களும் நம் வாக்கில் வந்தவர்கள்.

"வாக்கு இருக்கு, வரி கட்டலையே ஐயா" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடையில் சவர்க்காரம் வாங்கினாலும், போனுக்கு ரீலோட் போட்டாலும் அதற்குள் வரி இருக்கிறது. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. அரசாங்கத்திடமிருந்து சபைகளுக்கும் பணம் வருகிறது. அதுபோக, பயிர்ச்செய்கைக் காணிக்கு ஏக்கர் வரி அறவிடவும் பிரதேச சபைக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. தேயிலைக் காணியில் மழையிலும் வெயிலிலும் நிற்பது யார்? வீட்டு வரித் துண்டு நம் கையில் இல்லை, அவ்வளவுதான். வரியே கொடுக்காதவர்கள் என்று யாரும் நம்மைச் சொல்ல முடியாது.

மக்கள் கையில் ஒரு நூலகம் எப்படி வளரும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சொல்வேன். 1933ஆம் ஆண்டு கே.எம். செல்லப்பா என்ற நீதிமன்ற உத்தியோகத்தர் தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருசம் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். 1934 ஓகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. 1935இல் அன்றைய நகர சபை அதைப் பொறுப்பெடுத்தது. பிறகு பெரிய கட்டிடம் வேண்டும் என்று லோங் அடிகளார் போன்றவர்கள் பாடுபட்டார்கள். இந்தியாவிலிருந்து நூலகத் துறை அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959இல் மேயர் அல்பிரட் துரையப்பா புதுக் கட்டிடத்தைத் திறந்து வைத்தார்.

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. திரும்ப எங்கும் வாங்க முடியாத ஓலைச்சுவடிகளும் போயின. அந்த நூலகம் திருத்திக் கட்டப்பட்டு இன்று மறுபடி நடக்கிறது. ஒரு வீட்டு அறையில் தொடங்கியது எப்படி அவ்வளவு பெரிதானது? செல்லப்பா நல்லவர் என்பது ஒரு காரணம். அவர் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் குழுவிடம் கொடுத்தார், குழு சபையிடம் கொடுத்தது. ஆள் போனாலும் நூலகம் நின்றது.

இதற்கு நேர்மாறான கதையும் எனக்குத் தெரியும். நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் யாரோ நல்ல மனிதர்கள் புத்தகம் கொடுத்தார்கள். பிள்ளைக் காம்பராவில் ஒரு அலுமாரி நிறைய இருந்தது. திறப்பு விழா நடந்தது, போட்டோ எடுத்தோம், எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தோம். சாவி ஒரே ஆளிடம் இருந்தது. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று கொப்பி போடவில்லை. குழுவும் இல்லை. சாவிக்காரர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். ஒரு வருசம் கழித்துப் பூட்டை உடைத்துப் பார்த்தால் அடித்தட்டு முழுவதும் கறையான். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு. நான்தான் அந்த நேரம் நலன்புரிக்குப் பொறுப்பு. புத்தகம் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது நம் தோட்டத்து விசயத்துக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க வழி இல்லாமல் இருந்தது. ரோட்டுக்கும் தண்ணிக்கும் போய்க் கேட்டால், "அது தோட்டக் காணி, கம்பனிய கேளுங்க" என்பார்கள். வாக்குக் கேட்க மட்டும் லயத்துக்கு வருவார்கள். பல வருசம் போராடிக் கேட்டதன் பிறகு 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டத்து மக்களுக்கும் சேவை செய்ய பிரதேச சபைக்கு வழி திறந்தது. அதே 2018 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதுப் பிரதேச சபைகளும் வந்தன. பிறகு 2023 மார்ச் மாதத்திலிருந்து இரண்டு வருசத்துக்கு மேல் நாட்டில் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் உத்தியோகத்தர்களே ஏறக்குறைய எல்லாச் சபைகளையும் நடத்தினார்கள். 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. ஆகவே நம் குறையைச் சொல்ல இப்போது ஆள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேளுங்கள்.

"நூலகத்தால நமக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதைப் புத்தகம் மட்டும் அங்கே இல்லை. சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கும். ஒரு புத்தகம் வாங்க ஒரு நாள் சம்பளம் போகிற காலம் இது. உத்தியோக விளம்பரம் வரும் வர்த்தமானி இருக்கும். பத்திரிகைப் பகுதியிலும் உசாத்துணைப் பகுதியிலும் உட்கார்ந்து வாசிப்பதற்கு, வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போக வேண்டிய அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. போனால் வாசிக்கலாம். ஒரே காம்பராவில் ஆறு பேர், டீவி சத்தம், அடுப்புப் புகை என்று இருக்கிற பிள்ளைக்கு அமைதியாக இரண்டு மணி நேரம் ஒரு மேசை கிடைப்பதே பெரிய உதவி.

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கிறேன். கடைசியில் டவுனில் வீடு உள்ள ஒரு ஆசிரியர் பிணைக் கையெழுத்து வைத்தார். இப்போது அவள் புத்தகம் எடுக்கிறாள். ஆனால் நம் மூன்று பிரிவிலும் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு ஆசிரியர் எத்தனை கையெழுத்து வைப்பார்? ஒரு நல்ல மனிதரைத் தேடிப் பிடித்தால்தான் நம் பிள்ளை நூலகத்துக்குப் போகலாம் என்றால், அது நமக்குக் கிடைத்த உரிமை ஆகாது. விதிதான் மாற வேண்டும்.

அதனால் மாதர் சங்கத்தின் பெயரில் தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அதில் நான்கு கோரிக்கைகள்.

ஒன்று, தோட்டப் பிள்ளைகளுக்கு வரிப்பணம் கட்டுபவரின் பிணைக்குப் பதிலாகப் பாடசாலை அதிபர் அல்லது கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு, ஞாயிற்றுக்கிழமை நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும். மற்ற நாளில் நாங்கள் மலையில் நிற்கிறோம்.

மூன்று, மாதம் ஒரு தடவையாவது புத்தகப் பெட்டியை நம் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பெட்டியைப் பொறுப்பெடுக்கவும் கொப்பி போடவும் ஐந்து பேர் கொண்ட குழுவை நாங்கள் அமைக்கிறோம். சாவி இரண்டு பேரிடம் இருக்கும். கறையான் கதை மறுபடி வேண்டாம்.

நான்கு, நூலக விசயத்தைப் பார்க்கும் சபைக் குழுவிலும் வாசகர் வட்டத்திலும் தோட்டத்து ஆள் ஒருவருக்கு இடம் வேண்டும். சபையின் ஆலோசனைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர் மக்களும் இருக்கலாம் என்று பிரதேச சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

இந்த நேரத்தில் கேட்பதற்கும் காரணம் உண்டு. அடுத்த வருசத்துக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபை வருச முடிவுக்குள் போட வேண்டும். அது முடிந்த பிறகு போய் நின்றால், "பணம் ஒதுக்கல, அடுத்த வருசம் பார்ப்போம்" என்பார்கள். போன வருசம் நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று எழுத்தில் கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். சண்டை போடத் தேவையில்லை. மரியாதையாக எழுதிக் கேட்டால் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. எடுத்த புத்தகத்தைத் தவணைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றிக் கொண்டு போக வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ஒரு பிள்ளை புத்தகத்தைத் தொலைத்தால், அடுத்த பத்துப் பிள்ளைகளுக்குக் கதவு மூடிப் போகும்.

கடிதம் வாசல் பக்க மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்து வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பத்தாம் ஆண்டுப் பிள்ளையே மேசைக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவாள். அவளிடமே கேளுங்கள்.