புகைக்கூண்டும் இருக்கிறது, புகையும் இருக்கிறது

(நம் உணவகங்களைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் சுவையைப் பற்றிப் பேசினார்கள், விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள், ஆள் பற்றாக்குறையைப் பற்றியும் பேசினார்கள். நான் புகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'அறிவிப்பாளருக்கும் அடுப்புப் புகைக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்காக நம்மவர் நடத்தும் ஒரு வாழையிலை உணவகத்தின் சமையற்கட்டில் படப்பிடிப்பு நடத்தினோம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், நல்ல சாப்பாடு. காலை பத்து மணிக்கு கேமராவை வைத்தோம். பத்தே நிமிடத்தில் படம் மங்கலாகிவிட்டது. ஒளிப்பதிவாளர் லென்ஸைத் துடைத்தார். மறுபடியும் மங்கல், மறுபடியும் துடைத்தார். மதியத்திற்குள் அந்த வெள்ளைத் துணி மஞ்சள் நிறமாகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

அங்கே சமைத்துக் கொண்டிருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். ஆறு ஆண்டுகளாக அதே அடுப்பு. "அண்ணே, இந்தப் புகையில எப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "பழகிடுச்சு மேடம். லீவுல ஊருக்குப் போனா பத்து நாள்ல இருமல் நின்னுடும். திரும்ப வந்தா அதுவும் வந்துடும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு கருவேப்பிலையை எண்ணெயில் போட்டார்.

எங்கள் லென்ஸுக்குத் துணி இருந்தது. நான் அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

முதலாளியிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "ஹூட் போட்டிருக்கேம்மா. ஃபேனும் பெரிசு. இதுக்கு மேல என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அடுப்புக்கு மேலே பளபளவென்று எவர்சில்வர் புகைக்கூண்டு தொங்குகிறது. மேலே விசிறி இரைகிறது. புகையும் இருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள, காற்றோட்டப் பணிகளில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு பொறியியலாளரை அடுத்த வாரம் அழைத்துப் போனேன். அவரிடம் கருவி எதுவும் இல்லை. கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தின் முன் எரிந்த ஊதுபத்தியில் ஒன்றை எடுத்துக்கொண்டார்!

அந்த ஊதுபத்தியைப் புகைக்கூண்டின் விளிம்பு நெடுகப் பிடித்துக்கொண்டே நடந்தார். நடுவில் புகை நேராக மேலே ஏறிக் கூண்டுக்குள் மறைந்தது. வலது ஓரத்தில் கூண்டுக்குள் போகாமல் சமையல்காரர் நிற்கும் பக்கம் திரும்பியது. காரணம், அவருக்கு வேர்க்கிறதே என்று முதலாளி அன்போடு வாங்கி வைத்த நின்றாடும் மின்விசிறி. சூடான புகை தானாகவே மேலே எழும்பும் குணம் உடையது. கூண்டின் வேலை, எழுந்து வருவதை ஏந்தி வெளியே அனுப்புவது மட்டும்தான். பக்கவாட்டில் ஒரு விசிறி அடித்தால் புகை எழும்பும் வழியிலேயே கலைந்து அறை முழுவதும் பரவிவிடும். அந்த விசிறியை நிறுத்தினோம். ஊதுபத்திப் புகை நேராக உள்ளே போனது. செலவு ஒரு காசு இல்லை.

இடது பக்கம் இன்னொரு கதை. கடை தொடங்கியபோது மூன்று அடுப்பு. வியாபாரம் பெருகியதும் மீன் பொரிக்க ஒரு பெரிய குவாலியை ஓரத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதில் பாதி கூண்டுக்கு வெளியே நிற்கிறது. புகைக்கூண்டு அடுப்பு வரிசையைவிட ஒவ்வொரு திறந்த பக்கத்திலும் குறைந்தது ஆறு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நம் கடைகளில் அடுப்பு வளர்கிறது, கூண்டு வளர்வதில்லை. அதிலும் அதிகப் புகை தருகிற பொரிக்கும் சட்டிதான் எப்போதும் ஓரத்துக்குப் போகிறது. அதை நடுவுக்கு மாற்றி, சாம்பார் அண்டாவை ஓரத்துக்குத் தள்ளினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்றார் பொறியியலாளர். இரண்டு பக்கமும் தகடு வைத்து மறைத்தால் இன்னும் நல்லது.

காற்று எங்கிருந்து வரும்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புகை போகவில்லை என்றால் நாம் எல்லோரும் செய்வது பெரிய விசிறி வாங்குவது. அது பல இடங்களில் வீண் செலவு.

ஒரு கணக்குப் போடுவோம். சமையற்கட்டு ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். மொத்தம் 72 கன மீட்டர் காற்று. விசிறி மணிக்கு 3,600 கன மீட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு கன மீட்டர். அதாவது 72 நொடியில் அந்த அறையில் உள்ள காற்று முழுவதுக்கும் சமமான அளவு வெளியே போய்விடுகிறது. வெளியே போகிற அளவு உள்ளே வந்தாக வேண்டும். எங்கிருந்து வரும்?

பூனை வருகிறது, எலி வருகிறது என்று பின்கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். சன்னல் கிடையாது. அப்படியானால் காற்று வர ஒரே வழி, வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும் குளிர்சாதனக் கூடம்தான். மின்சாரக் கட்டணம் கட்டிக் குளிர வைத்த காற்றைப் புகைக்குழாய் வழியாக வெளியே கொட்டிக் கொண்டிருக்கிறோம். 'ஏர்கோன் போட்டும் குளிரவில்லை' என்று மெக்கானிக்கைத் திட்டுகிற முதலாளிகள் சமையற்கட்டுக் கதவை ஒருமுறை கவனியுங்கள். அது இழுத்தால் திறக்க மறுக்கிறதா? தரைச் சாக்கடையிலிருந்து நாற்றம் மேலே வருகிறதா? இரண்டும் உள்ளே காற்று போதவில்லை என்பதற்கான அடையாளம். அந்த நிலையில் எவ்வளவு பெரிய விசிறி போட்டாலும் அது இரையும், இழுக்காது. அதைவிட மோசம், அடுப்புக்கே காற்று குறைந்தால் நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகிவிடும். மஞ்சள் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி வரும், 'வெயில்' என்று சொல்லிக்கொள்வோம்.

எனவே கூண்டு போடும்போதே வெளிக்காற்று உள்ளே வர ஒரு தனி வழியையும் சேர்த்துப் போட வேண்டும். அந்தக் காற்று மெதுவாக, அகலமான துளைத்தட்டுகள் வழியாக வரவேண்டும். அடுப்பின் மேல் வேகமாக அடித்தால் பழைய விசிறிக் கதைதான்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள், கண்ணை எரியச் செய்யும் அக்ரோலின், வேறு பல கரிமப் பொருள்கள். சீனாவிலும் தைவானிலும் புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது ஏன் என்று ஆராய்ந்தவர்களின் பார்வை சமையல் எண்ணெய்ப் புகையின் பக்கம் திரும்பியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010-இல் வெளியிட்ட தொகுப்பில், அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது.

நம் நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவகங்களில் சிகரெட் பிடிக்கத் தடை. வாடிக்கையாளர் ஒருவர் அரை மணி நேரம் பக்கத்து மேசைப் புகையைச் சுவாசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டோம், சரியான சட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மனிதரைப் பற்றி நாம் அந்த அளவுக்குப் பேசவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மாடியில் தூங்குகிறவர்கள்

பொறியியலாளர் அடுத்துப் பார்த்தது வடிகட்டிகளை. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. "எடுத்துட்டா நல்லா இழுக்குதுண்ணே" என்றார் உதவியாள் பையன். இழுக்கத்தான் செய்யும், எண்ணெயையும் சேர்த்துக் குழாய்க்குள் இழுக்கும். இருந்த இரண்டில் ஒன்று வலை போட்டது. அது எண்ணெயைப் பஞ்சு போலத் தேக்கி வைத்துக்கொண்டு தீப்பிடிக்கக் காத்திருக்கும். மற்றொன்று மடிப்புத் தகடு வகை. புகை அந்த மடிப்புகளில் வளைந்து போகும்போது எண்ணெய்த் துளிகள் தகட்டில் மோதி ஒட்டி, வழிந்து கீழே உள்ள தொட்டியில் சேரும். நல்ல சரக்குதான், ஆனால் கழுவிவிட்டுப் பக்கவாட்டில் மாட்டியிருந்தார்கள். மடிப்புகள் செங்குத்தாக நின்றால்தான் எண்ணெய் வழியும். படுத்துக்கிடந்தால் அங்கேயே தேங்கும்.

குழாய்க்குள் எட்டிப் பார்க்கத் திறப்பு எதுவும் இல்லை. விசிறிப் பக்கம் ஒரு தகட்டைக் கழற்றினோம். உள்ளே பழுப்பு நிறத்தில், விரல் கனத்துக்கு, தார் போல எண்ணெய். அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் 96-ஆம் எண் தரவிதியைப் பல நாடுகளில் இத்துறையினர் வழிகாட்டியாகக் கொள்கிறார்கள். 24 மணி நேரமும் சமைக்கும் கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கரி, விறகு பயன்படுத்தும் கடைகள் மாதம் ஒருமுறை குழாயின் உட்புறத்தைப் பரிசோதிக்க வேண்டும், எண்ணெய் படிந்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறது அது. நம் மாமாக் கடைகளும் தந்தூரி அடுப்பு வைத்திருப்பவர்களும் எந்த வகையில் வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சட்டியில் பிடிக்கும் தீ, கூண்டு வழியாக இந்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் அது புகைபோக்கி அல்ல, எரிகுழல். நம் கடை வீடுகளில் அந்தக் குழாய் மாடிச் சுவரை ஒட்டி மேலே போகிறது. மாடியில் யார் இருக்கிறார்கள்? பல கடைகளில், இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்கும் தொழிலாளர்கள். அன்றைக்கும் நாங்கள் பேசிக் கொண்டிருந்தபோது மேலே மூன்று பேர் உறங்கிக் கொண்டிருந்தார்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்துவிட்டன. உடனடி ஆபத்து இருந்தால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது என்கிறது அது. ஆபத்து குழாய்க்குள் ஒளிந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்பதை இங்கே இன்னொரு முறை சொல்கிறேன். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயை அறை முழுக்க வாரி இறைத்துவிடும். முடிந்தால் கேஸை அடைத்து, மூடியாலோ தீப்போர்வையாலோ மூடி, 999-ஐ அழையுங்கள். கூண்டுக்குள்ளேயே ஈர ரசாயனம் தெளிக்கும் தானியங்கி ஏற்பாடு இருந்தால் மிக நல்லது.

பக்கத்து வீட்டார் புகாரையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 2011-இல் சிங்கப்பூரில் ஓர் இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை அண்டை வீட்டாருக்குப் பிடிக்காமல் சமரசம் வரை போன செய்தி வெளிவந்து, ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் கறி சமைத்து ஆதரவு காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அது வீட்டுச் சமையல். அந்த ஆதரவை உணவகங்கள் எதிர்பார்க்க முடியாது. பின்சந்தில் மனிதர் தலை உயரத்தில் புகையைக் கக்கும் குழாயை யாரும் பண்பாடு என்று ஏற்க மாட்டார்கள். கூரைக்கு மேலே கொண்டு போக வேண்டும். மின்னேற்றத்தால் எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. ஆனால் அதன் தகடுகளை ஒழுங்காகக் கழுவாவிட்டால் அது வெறும் பெட்டிதான்.

செலவைப் பற்றி முதலாளிகள் கேட்பீர்கள். விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி போட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் வேகத்தை 80 விழுக்காட்டுக்கு இறக்கினால், விசிறிக்கான மின்சாரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இது விசிறிகளின் இயல்பு. குளிர்சாதனக் காற்று மிச்சமாவது தனிக் கணக்கு.

அந்த உணவகத்துக்குப் போன மாதம் மறுபடியும் போனேன். குவாலி நடுவுக்கு வந்திருக்கிறது. பக்கத் தகடுகள் போட்டாகிவிட்டது. நான்கு வடிகட்டிகளும் செங்குத்தாக நிற்கின்றன. பின்கதவில் எலி நுழையாத கம்பிவலை அடித்து, கதவு திறந்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் விளையாட்டாகக் கேமராவை வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு முறைதான் துடைத்தார். சமையல்காரர் இருமல் குறைந்திருக்கிறது என்றார், நின்றுவிட்டது என்று சொல்லவில்லை.

ஆனால் புகைக்குழாயில் சுத்தம் செய்யும் திறப்பு இன்னும் வெட்டப்படவில்லை. மாடியில் அந்த மூவரும் இன்னும் தூங்குகிறார்கள். கேட்டதற்கு முதலாளி சொன்னார்: "கட்டடம் என்னுதில்லையேம்மா. குழாய் மாடி வழியா போகுது. கட்டட உரிமையாளர் ஓட்டை போட விட மாட்டேங்கிறார். நீங்க டிவியில பேசறப்போ அதையும் கொஞ்சம் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். இந்த அரங்கிலும், வீட்டில் பார்த்துக் கொண்டிருப்பவர்களிலும், கடை வீடுகளை உணவகங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அந்தத் திறப்புக்கு நீங்கள் அனுமதி கொடுப்பீர்களா? கலந்துரையாடல் நேரத்தில் உங்கள் பதிலைக் கேட்க விரும்புகிறேன்.