தந்தை சொன்ன சொல்



இன்று நாம் பால் ரோப்சன் என்ற அமெரிக்க விளையாட்டாளரைப் பற்றி அறிந்துகொள்வோம். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். 1860ஆம் ஆண்டு, 15 வயதில், தப்பியோடி விடுதலை பெற்றார். பின்னர் படித்துச் சமய போதகரானார். 1898இல் பிறந்த பால், ஐந்து வயதிலேயே தாயைத் தீ விபத்தில் இழந்தார். வளர்த்ததெல்லாம் தந்தைதான்.

1915இல் பால் உபகாரச் சம்பளம் பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியின் வரலாற்றிலேயே அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். அங்கே அவர் காற்பந்துக் குழுவில் சேர விரும்பினார். அமெரிக்கக் காற்பந்து, நாம் திடலில் காணும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஒருவரையொருவர் மோதித் தள்ளி முன்னேறும் முரட்டு ஆட்டம் அது. முதல்நாள் பயிற்சியிலேயே சொந்தக் கல்லூரி மாணவர்கள் அவர் மூக்கை உடைத்தார்கள்; தோளையும் பிசக வைத்தார்கள்.

படுக்கையில் கிடந்த பால், ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று எண்ணினார். அப்போது தந்தையின் சொல் அவர் நினைவுக்கு வந்தது. திடலில் நீ உனக்காக மட்டும் நிற்கவில்லை. படிக்கவும் ஆடவும் ஏங்கும் எத்தனையோ கறுப்பினப் பிள்ளைகளுக்காகவும் நிற்கிறாய் என்பதே அச்சொல்லின் கருத்து. பால் மீண்டும் திடலுக்குச் சென்றார்; குழுவிலும் இடம் பிடித்தார்.

ஆயினும் அவமானம் தொடர்ந்தது. 1916இல் தென்மாநிலக் கல்லூரி ஒன்று, கறுப்பினத்தவரோடு ஆடமாட்டோம் என்றது. அன்று அவரை ஒதுக்கி வைத்துவிட்டே ரட்கர்ஸ் ஆடியது. அதே பால்தான் 1917இலும் 1918இலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்!

விளையாட்டோடு படிப்பையும் அவர் கைவிடவில்லை. 1919இல் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்றும் பெருமை அவருக்கே கிடைத்தது. அதைக் காணத் தந்தை இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். வார இறுதிகளில் பணத்துக்காகப் பந்தாடி, 1923இல் பால் சட்டப் பட்டமும் பெற்றார். பிறகு பாடகராகவும் நடிகராகவும் உலகப் புகழ் அடைந்தார். 1976இல் மறைந்தார். கல்லூரிக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்ததோ 1995இல்தான்!

பெற்றோர்களே, நம் வீட்டிலிருந்து முதன்முதலாக வெளியூர்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஒருநாள் கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு திரும்பலாம். "போதும், வேலைக்குப் போ" என்று அன்று நாம் சொல்லிவிட வேண்டாம். அவன் பின்னால் தம்பி தங்கைகள் நிற்கிறார்கள் என்பதை அன்போடு எடுத்துச் சொல்வோம். மறுநாள் காலையில் நாமே பள்ளி வாசல்வரை உடன் சென்று விட்டு வருவோம்.