ஆட்டிஸம் பள்ளியில் கமிட்டி மெம்பருக்கு என்ன வேலை?

(பெங்களூரு அங்கத்தினர்களின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியான அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "நம்ம மனுஷாள்ல நிறையப் பேர் ரிடையர் ஆனப்புறம் ஏதாவது ஒரு ஸ்கூல் டிரஸ்ட்ல இருக்கா. அவாளுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்கோ" என்றார். வாஸ்தவம்தான். பாங்கிலும், ஏ.ஜி. ஆபீஸிலும், ஹெச்.ஏ.எல்.லிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். "ஸார், உங்கள் பெயர் இருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு மீட்டிங், ஒரு காபி, ஒரு கையெழுத்து" என்பார்கள். நானும் அப்படித்தான் 2012இல் ஒரு பள்ளியின் பொருளாளர் ஆனேன். தெற்கு பெங்களூருவில், ஆட்டிஸம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளி. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்று நான் பெயர் சொல்லிக் குறிப்பிடப்போகும் ஸ்தாபனங்களில் எதுவும் அது அல்ல என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி பெண் இங்கிலாந்தில் இருக்கிறாள். ஒரு தடவை லீவில் வந்தபோது, "பெரியப்பா, நானும் ஒரு ஸ்பெஷல் ஸ்கூலுக்கு கவர்னர்" என்றாள். என் ஆத்துக்காரி ராஜ்பவனை நினைத்துக்கொண்டு, "கார் எல்லாம் குடுப்பாளோ?" என்று கேட்டாள். காரும் இல்லை, சம்பளமும் இல்லை. அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளின் கமிட்டி மெம்பருக்கு அதுதான் பெயர். பெற்றோர் ஓட்டுப் போட்டு அனுப்பும் கவர்னர்களும் உண்டு, ஆசிரியர் பக்கத்து ஆளும் உண்டு. அவர்களுக்கு மூன்று வேலை என்று சொன்னாள். பள்ளி எந்தத் திசையில் போகவேண்டும் என்று தீர்மானிப்பது, தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. வகுப்புக்குள் போய்ப் பாடம் எப்படி நடத்தவேண்டும் என்று உபதேசம் பண்ணுவது அவர்கள் வேலை இல்லை.

நம் நாட்டிலும் 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி நிர்வாகக் கமிட்டி உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவே இருக்கவேண்டும். ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை அந்த விதி கட்டாது. ஆட்டிஸம் பள்ளிகளில் பெரும்பாலானவை டிரஸ்டாகவோ சொஸைட்டியாகவோ தனியார் நடத்துபவைதான். ஆக, நம்மைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. நாமாகக் கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

சாதாரணப் பள்ளியில் கமிட்டி தூங்கினாலும் காரியம் அவ்வளவாகக் கெட்டுவிடாது. குழந்தை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மிஸ் என்னைக் கிள்ளினா, கணக்கு வாத்தியார் வரவே இல்லை, டாய்லெட்ல தண்ணி இல்லை" என்று ஒன்று விடாமல் ஒப்பிக்கும். அந்த ஒப்பிப்பே பாதி இன்ஸ்பெக்ஷன். ஆட்டிஸம் உள்ள குழந்தைகளில் சிலர் அழகாகப் பேசுவார்கள், சிலருக்குப் பேச்சே இல்லை. பேசுகிறவர்களிலும் பலருக்கு, காலையில் நடந்ததைச் சாயங்காலம் கோவையாகச் சொல்ல வராது. வேதனையை வேறு விதமாகக் காட்டுவார்கள். சாப்பிடமாட்டார்கள், தூங்கமாட்டார்கள், கையைக் கடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெரியவர்களாகிய நாம் வைத்திருக்கும் பெயர் 'பிஹேவியர் ப்ராப்ளம்'.

இந்தப் பள்ளிகள் எப்படி உண்டாயின என்று கொஞ்சம் சொல்லவேண்டும். 1943இல் அமெரிக்காவில் லியோ கான்னர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிஸம் என்பது தனி நிலை என்று உலகம் கவனிக்க ஆரம்பித்தது. எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால் பெற்றோர்களே இறங்கினார்கள். 1962இல் லண்டனில் பெற்றோர்கள் சங்கம் ஆரம்பித்தார்கள், 1965இல் ஈலிங்கில் அவர்களுடைய பள்ளி வந்தது. டில்லியில் மெரி பருவா என்ற தாயார் 1991இல் ஆக்ஷன் ஃபார் ஆட்டிஸம் அமைப்பைத் தொடங்கினார். நம் பெங்களூருவில் 1995இல் ஆஷா என்று எல்லோரும் கூப்பிடும் அகாடமி வந்தது. 2000இல் டாக்டர் பிரதிபா காரந்த், சிறு குழந்தைகளுக்கென்று காம் டீல் திட்டத்தை ஆரம்பித்தார். சட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால், 1995ஆம் வருஷ ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிஸம் கிடையாது! 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில்தான் அந்தப் பெயர் வந்தது. 2016ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக இடம் பிடித்தது.

பெற்றோர் ஆரம்பித்த பள்ளி என்பதில் பெரிய பலமும் இருக்கிறது, ஒரு சங்கடமும் இருக்கிறது. ஆரம்பித்த அம்மாவே பிரின்ஸிபால், அவரே டிரஸ்டி, அவர் பிள்ளையே முதல் மாணவன். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது பள்ளி ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஏற்றதாக இருக்கும். அவனுக்கு இருபது ஆனால், பள்ளி தானாகவே தொழிற்கூடமாக மாறிவிடும், புதிதாக வரும் சின்னக் குழந்தைகளுக்கு இடம் குறையும். "அம்மா, உங்களுக்குப் பிறகு யார்?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. கமிட்டி கேட்டே ஆகவேண்டும். எங்கள் கமிட்டி அதை நாலு வருஷம் கேட்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2017 ஏப்ரலில், வரவு செலவைப் பார்த்துவிட்டு ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பள்ளி வேனில் இரண்டு ஆயா எதற்கு, ஒருவர் போதும், மாதம் 9,000 ரூபாய் மிச்சம் என்று. ஏகமனதாக நிறைவேறிற்று. தலைவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஜூலை மீட்டிங்கில் பிரின்ஸிபால் ஒரு ரிப்போர்ட் வைத்தார். 13 வயதுப் பையன் ஒருவன், நம்மவாத்துப் பிள்ளைதான், வேனைக் கண்டாலே அலறுகிறான், புறங்கையை ரத்தம் வரக் கடிக்கிறான், மற்ற குழந்தைகளும் பயப்படுகிறார்கள், கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா என்று. ஐந்து நிமிஷத்தில் சரி என்று எழுதியிருப்போம். கமிட்டியில் பெற்றோர் சார்பில் ஒரே ஒரு அம்மா இருந்தார். அவர் கேட்டார்: "எந்தத் தேதியிலேர்ந்து?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் விடவில்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், வகுப்பு ஆசிரியையின் நோட்டு, வேன் டிரைவரின் நோட்டு மூன்றையும் கொண்டுவரச் சொல்லி மேஜையில் பரத்தினார். லீவு முடிந்து ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆரம்பித்திருந்தது. அதற்கு முன் ஒரு நாள்கூட இல்லை. அதற்கு முன் வேனில் இரண்டு ஆயா இருந்தார்கள்.

மறுநாள் காலை அவரும் நானும் முன்கூட்டிச் சொல்லாமல் பாதி வழியில் வேனில் ஏறினோம். உள்ளே 14 குழந்தைகள், ஒரு ஆயா. பையனின் மணிக்கட்டை ஒரு பழைய துப்பட்டாவால் சீட்டுக் கம்பியோடு கட்டியிருந்தது. அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. "சிக்னலில் வண்டி நின்றால் எழுந்து கதவைத் திறக்கிறான். பன்னேர்கட்டா ரோடில் இறங்கி ஓடினால் யார் பதில் சொல்வது? இன்னொரு குழந்தை அதே நேரத்தில் வாந்தி எடுக்கிறது. எனக்கு இருப்பது இரண்டு கை" என்று கன்னடத்தில் சொன்னாள். நான் பொருளாளர் என்பது அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே அவசர மீட்டிங். "ஆயாவை அனுப்பிடலாம், பையனோட அம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், பேப்பர்ல வந்துதுன்னா டொனேஷன் நின்னுடும்" என்றார் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை, பள்ளிக்காக லட்சக்கணக்கில் கொடுத்தவர். பத்து நிமிஷம் எல்லோரும் மௌனம். நானும்தான். என் கையெழுத்துப் போட்ட தீர்மானம் என் எதிரே கிடக்கிறது, வாய் வரவில்லை. கடைசியில் அந்தப் பெற்றோர் மெம்பர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

சொன்னோம். பையனின் அம்மா கத்தவில்லை. "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்ததில் 23 பள்ளி நாட்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தைகளைக் கவனிக்கும் ஸ்தாபனத்தில் வேலை செய்பவரை மட்டும் சொல்லவில்லை, அதை நிர்வகிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. கொடுமை என்று நிரூபணமானால் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், அபராதம் ஐந்து லட்சம் வரை. பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் வருஷ போக்ஸோ சட்டப்படி, தெரிந்ததும் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஸ்தாபனப் பொறுப்பாளருக்கே தண்டனை. 'பெயருக்கு மெம்பர்' என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வகை கிடையாது.

எங்கள் விஷயத்தில் போலீஸுக்குப் போவதா என்பதைப் பையனின் பெற்றோரிடமே விட்டோம். அவர்கள் போகவில்லை. அப்படி விட்டது சரிதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆயாவை நீக்கவில்லை. இதில் உங்களில் பலருக்குச் சம்மதம் இருக்காது. ஆனால் இரண்டாவது ஆளை எடுத்தவன் நான். அவளை மட்டும் அனுப்பிவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எந்த நியாயம்? இரண்டாவது ஆயா மறுவாரமே வந்தார். இரண்டு பேருக்கும் பயிற்சி கொடுத்தோம். மாதம் ஒரு முறை கமிட்டியில் யாராவது ஒருவர் சொல்லாமல் வேனில் போய்வருவது என்று தீர்மானம் போட்டோம். பையன் மறுபடி வேனில் ஏற ஐந்து மாதம் ஆயிற்று.

அதன் பிறகுதான் நான் பள்ளிக்குள் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தேன். அன்னதானம் விஷயம் அப்போதுதான் பட்டது. நமக்கு சஷ்டியப்தபூர்த்தி, பேரன் பிறந்தநாள் என்றால் ஒரு ஸ்பெஷல் ஸ்கூலில் சாப்பாடு போட ஆசை. நல்ல மனசுதான். இருபது பேர் பட்டுப்புடவையும் காமிராவுமாகப் போய் நிற்கிறோம். பாட்டுப் பாடி, கை தட்டி, லட்டுவை வாயில் ஊட்டி, போட்டோ எடுக்கிறோம். தினமும் பன்னிரண்டரைக்கு அதே தட்டில் அதே தயிர்சாதம் என்று பழகிய குழந்தைக்கு அந்தச் சத்தமும், வாசனையும், புது முகங்களும் எப்படி இருக்கும்? காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடும். அன்று மத்தியானம் வகுப்பு நடக்காது. கொடுப்பவரிடம், "மாமா, பணத்தை ஆபீஸில் கட்டுங்கோ, ரெண்டு பேர் மட்டும் வாங்கோ, போட்டோ வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் பிரின்ஸிபாலுக்கு வராது. சொல்லவேண்டியது கமிட்டி. நான் சொல்ல ஆரம்பித்ததில் இரண்டு சிநேகிதர்களை இழந்தேன். ஒருவர் பிற்பாடு சமாதானமாகி, ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டரின் ஒரு வருஷச் சம்பளத்தைக் கொடுத்தார். கம்பெனிகளுக்கும் இதே சுபாவம் உண்டு. கட்டிடம், கம்ப்யூட்டர் என்றால் சந்தோஷமாகத் தருவார்கள், மேலே பெயர்ப் பலகை மாட்டலாம். சம்பளத்தின் மேல் என்ன பலகை மாட்டுவது?

2022இல் அந்தப் பையனுக்கு 18 பூர்த்தியாயிற்று. அவன் அம்மா ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். பாங்கில் அவன் பெயரில் கணக்கு ஆரம்பிக்கப் போனால் கார்டியன் சர்டிபிகேட் கேட்கிறார்களாம். "பெத்தவ நான் உயிரோட இருக்கேன், இதுக்கு மேல என்ன கார்டியன்?" என்றார். அவனுக்கு எந்த உடம்பு என்றாலும் 18 ஆனால் சட்டத்தின் கண்ணில் மேஜர். பெற்றோர் தானாகக் கார்டியனாகத் தொடரமாட்டார்கள். நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஜில்லாவில் உள்ளூர்க் கமிட்டி ஒன்று உண்டு. ஜில்லா அதிகாரி, பதிவு பெற்ற ஸ்தாபனத்தின் பிரதிநிதி ஒருவர், ஊனமுற்றவர் ஒருவர் என்று மூன்று பேர். அவர்களிடம் மனுப் போட்டு நியமனம் வாங்கவேண்டும். முப்பது வருஷம் பாங்கில் இருந்த எனக்கு இது தெரியும். பத்து வருஷம் கமிட்டியில் இருந்தும், ஒரு பெற்றோரிடமாவது பள்ளி இதைச் சொல்லியிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. சொல்லியிருக்கவில்லை.

மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். இப்போது பள்ளியில் 16 முடிந்தவுடன் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துச் சொல்லிவிடுகிறோம். அப்பா அம்மாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வியும் அங்கேதான் முதல் தடவையாக வாய்விட்டுப் பேசப்படுகிறது. சிலர் அழுதுவிடுகிறார்கள், சிலர் எழுந்து போய் அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள். வருகிற வருஷம் 18 ஆகப்போகிறவர்கள் மூன்று பேர். அதில் ஒரு வீட்டில் அம்மா மட்டும்தான், அவருக்கும் எழுபதை நெருங்குகிறது.

நேரமாகிவிட்டது என்று காரியதரிசி கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு கேளுங்கள், இங்கேதான் இருப்பேன்.