தாய்மாமனும் சட்டமும்

சிறுநீரகங்கள் பழுதுற்ற ஒருவருக்குத் தம் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க ஒருவர் முன்வருகின்றார். நோயாளிக்கு நீர் என்ன உறவு என்று மருத்துவமனையில் கேட்கின்றனர். 'தாய்மாமன்' என்கிறார். நேயர்களே, தாராவியிலோ மாட்டுங்காவிலோ வாழும் நம்மவருக்கு இதைவிட நெருங்கிய உறவைச் சொல்வது அரிது. காது குத்த மடி தருபவரும், பெண் பூப்பெய்தினால் சீர் கொண்டு வருபவரும் அவரே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் நெருங்கிய உறவினர் அல்லர்.

மும்பைப் பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சென் 1968இல் இதயமாற்று அறுவை செய்தபோது, நாடு முழுமைக்குமான உறுப்புமாற்றுச் சட்டம் எதுவும் இல்லை. அச்சட்டம் 1994இல்தான் பிறந்தது. தொடக்கத்திலேயே, 1995 பிப்ரவரி 4 முதல், அது மகாராஷ்டிரத்தில் நடைமுறைக்கு வந்தது. கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோரையே அது நெருங்கிய உறவினர் என்றது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் பாட்டன் பாட்டியரையும் பேரன் பேத்தியரையும் சேர்த்தது. மாமனும் அத்தையும் சித்தப்பனும் வெளியே நின்றனர். (மராட்டியரும் மாமனை 'மாமா' என்றே உரிமையோடு அழைக்கின்றனர், ஆகவே குறை நமக்கு மட்டுமன்று.) இவர்கள் கொடுக்க விரும்பினால் அனுமதிக் குழுவின்முன் நின்று, அன்பினால் கொடுக்கின்றோம், பணத்திற்காக அன்று என மெய்ப்பிக்க வேண்டும்.

பெற்ற மருமகனுக்குக் கொடுப்பதற்கு இத்தனை விசாரணையா என நம்மவர் மனம் நோவதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் ஏன் ஐயுறுகின்றது என்பதற்கு விடை நம் தாயகத்திலேயே கிடக்கின்றது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நிகழ்த்திய ஆய்வு, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனைத் தீர்க்கவே விற்றவர்கள். அவ்வாறு விற்றவருள் நூற்றுக்கு 74 பேர் பின்னரும் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருவாயோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்றவருள் பெரும்பாலோர் பெண்கள். தரகர்கள் உறவு என்னும் போர்வையையே நாடுகின்றனர். மும்பையில் 2016 ஜூலையில், மனைவி என்று சொல்லிக் கொடுக்க வந்த பெண் மனைவியே அல்லள் எனத் தெரிந்து, அறுவை நிறுத்தப்பட்டது.

பஞ்சாபைச் சேர்ந்தவர்கள் சென்னையில் அறுவைக்கு அனுமதி வேண்டிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. கொடுப்பவரும் பெறுபவரும் எம்மாநிலத்தாரோ, அம்மாநிலக் குழுவே உண்மையை ஆராய வேண்டும் என்றது. ஒருவரை அறிந்தவர் அவர் ஊரில்தான் இருப்பர் அன்றோ? பெறுபவர் தாராவியிலும் கொடுப்பவர் திருநெல்வேலிச் சீமையிலும் இருந்தால் வேலை இரட்டிப்பாகும். 2014ஆம் ஆண்டு விதிகள் பிற மாநிலத்தவரின் இருப்பிடத்திற்கு அங்குள்ள அதிகாரியின் சான்றைக் கேட்கின்றன. இருவரும் சேர்ந்திருக்கும் பழைய நிழற்படங்களையும் பார்க்கச் சொல்கின்றன. மாமன் பெயர் அச்சான பழைய திருமண அழைப்பிதழ் வீட்டில் இருந்தால் அதனையும் எடுத்துச் செல்வது நன்று.

மூன்றாண்டு வருமானக் கணக்கும் கேட்கப்படும். இருவர் நிலைக்கும் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தால் குழு கூர்ந்து நோக்கும். இங்கேதான் குடிபெயர்ந்தோர்க்கு இடர் வருகின்றது. செம்பூரில் சொந்த வீடுடைய மருமகனும், ஊரில் மானாவாரி நிலம் உழும் மாமனும் ஒரே குடும்பத்தார்தாம். ஒரு தலைமுறையில் வந்த வேறுபாடு அது. தாளில் மட்டும் பார்த்தால் அது விற்பனை போலவே தோன்றும். மெய்யாகவே விற்பனையாகவும் இருக்கலாம். பெற்ற கடனுக்காக நெருக்கப்பட்ட மாமன்களும் உண்டு.

ஆகவே கொடுப்பவர் தம் வாயாலேயே பேசியாக வேண்டும். விசாரணை ஒளிப்பதிவு செய்யப்படுகின்றது. கொடுப்பவர் பெண்ணாயின், அவர் ஒப்புதலைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்பதும் விதி. தமிழன்றிப் பிறமொழி அறியாத ஒருவர் குழுவின்முன் நிற்கையில் அவர் சொல்லை மொழிபெயர்ப்பவர் யார்? பெறுபவரின் மைத்துனரோ மகனோ அதனைச் செய்வது தகாது என்பதே நம் கருத்து. இந்நகரத்துத் தமிழ்ச் சங்கங்கள், இரு வீட்டாருக்கும் வேண்டியவரல்லாத, மராத்தியும் தமிழும் அறிந்த ஒருவரை அன்றைய நாளுக்கு அனுப்பி உதவலாம்.