பேர் கொடுத்தவர்கள் ஏன் வரவில்லை?

(டிரஸ்டின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரர்களே! போன வருடம் நாம் நடத்திய கண் பரிசோதனை முகாம் உங்களுக்கு நினைவிருக்கும். மேடை போட்டோம், பேனர் கட்டினோம், வந்தவர்களுக்கெல்லாம் டீயும் பன்னும் கொடுத்தோம். ஆனால் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இலவசமாகத்தானே செய்கிறார்கள் என்று நம்மில் சிலருக்குக் கோபமே வந்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் சங்கதி புரிந்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு நன்னி சொன்னார்கள்: "ஆபரேஷன் இலவசம்தான் தம்பி. கூட வர்ற மகனுக்கு மூணு நாள் கூலி யாரு கொடுப்பா?" மகன் கரிமூட்டம் போடுகிறவர். மூட்டத்தில் தீ வைத்துவிட்டால் அதை விட்டு நகர முடியாது. அருப்புக்கோட்டையில் தறிக்குப் போகிற வீடுகளிலும் இதே பதில்தான் கிடைத்தது.

இப்படிப்பட்ட விஷயங்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே ஒரு படிப்பு இருக்கிறது. ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்பார்கள். கத்தி வைக்கிற ஆபரேஷன் இல்லை! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இருக்கிற ரேடாரையும் விமானங்களையும் எப்படிப் பயன்படுத்தினால் பலன் கூடும் என்று பிரிட்டனில் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அதில் வளர்ந்த படிப்பு இது. கையில் இருப்பது கொஞ்சம். அதை எங்கே வைத்தால் அதிகம் பேருக்குப் போய்ச்சேரும்? அவ்வளவுதான் அதன் கேள்வி.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகவேண்டாம், மதுரை போதும். டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். புரை ஆபரேஷனில் எல்லாவற்றையும்விடப் பற்றாக்குறையானது டாக்டரின் நேரம் என்று அங்கே கண்டுகொண்டார்கள். அதனால் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவரை இன்னொன்றில் தயார்செய்து வைத்திருப்பார்கள். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மற்ற வேலைகளையெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள்தான்.

உள்ளே எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஆள் வந்தால்தானே? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் பல வழிகளை முயன்று பார்த்த ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. ஆபரேஷன் இலவசம் என்பதோடு போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்த ஊர்களிலும், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசிய ஊர்களிலும் பலன் நன்றாக இருந்தது. நம் நன்னி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இந்த வருடம் மேடையும் பேனரும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பணம் வேனுக்கும், சாப்பாட்டுக்கும், துணைக்கு வருபவரின் கூலிக்கும் போகும். கூலி கொடுத்துப் பழக்கக்கூடாது என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். எல்லாருக்கும் கொடுக்க நிதியும் காணாது. தினக்கூலி வீடுகளுக்கும், துணைக்கு ஆளில்லாத முதியவர்களுக்கும் முதலில் கொடுப்போம். இதோடு ஒரு நோட்டும் போடுகிறோம். எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள், எத்தனை பேர் வேன் ஏறினார்கள், எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆனது, எத்தனை பேர் மறுபரிசோதனைக்குப் போனார்கள் என்று அதில் இருக்கும். எந்த இடத்தில் எண்ணிக்கை விழுகிறதோ, அடுத்த வருடப் பணத்தை அங்கே வைப்போம். நீங்கள் கொடுத்த அமானத்துக்குக் கணக்கு அந்த நோட்டுதான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அந்த நன்னிக்குப் போன மாதம் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது அரிசியில் அவர்களே கல் பொறுக்குகிறார்கள். திருச்சுழிப் பக்கம் வீடு வீடாக வந்து பேசவும் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களோடு போக இரண்டு பெண்கள் வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.